பச்சை குத்திய தோலில் நெடுநாட் கழித்து எழும் அழற்சி

பச்சை குத்துதல் நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய மலைத் தோட்டங்களில் வாழ்ந்த முதிய தாய்மாரின் முன்கைகளில் புள்ளிக் கோலமும் தேள் உருவும் உற்றார் பெயரும் கண்டவர் நம்முட் பலர். முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் தம்முடன் கொணர்ந்த அணிகளுள் கள்வராற் கவரப்படாததும் அடகுக் கடைக்குச் செல்லாததும் இஃதொன்றே எனலாம். சிங்கள மொழியிலும் இதற்குப் ‘பச்ச’ என்றே பெயர் வழங்குகின்றது. வழக்கத்தோடு சொல்லும் இருசாரார்க்கும் பொதுவாயிற்று.

இன்று நிலைமை வேறு. கண்டி நகரத்திலேயே மின்னூசி கொண்டு பன்னிறங்களிற் பச்சை குத்தும் நிலையங்கள் உள. வேலும் ஓங்காரமும் முதலாகக் கிறிக்கட் வீரரின் உருவம் ஈறாக, நம் பழைய மாணவர் பலருடைய மக்களின் தோள்களிலும் புயங்களிலும் அவை இடம்பெற்று வருகின்றன. இது நன்றோ தீதோ என்று தீர்ப்புக் கூறுதல் எம் நோக்கமன்று. குத்திய புண் செவ்வையாக ஆறி, மாதங்களும் சிலபோது ஆண்டுகளும் கழிந்த பின்னர், ஒரு நிறம் பட்ட இடம் மாத்திரம் தடித்து வீங்கித் தினவெடுக்கும் நோயொன்று உளது. அது காலந்தாழ்த்து வருவதாலேயே அதன் காரணம் விளங்காமற் போகின்றது. “அன்று வராத நோய் இன்று எங்ஙனம் அதனால் வரும்?” என்ற வினா இயல்பானதே. அவ்வினாவுக்கு விடை கூறுதற்கே இக்கட்டுரை எழுந்தது.

பழைய முறையை முதலில் நோக்குவோம். சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையின் மேற்பார்வையாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார், தமிழ்நாட்டிற் குறத்தியர் பச்சை குத்தும் முறையைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்னரே விரிவாக எழுதி வைத்துள்ளார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்து, மெல்லிய துணியிற் பூசித் திரியாகத் திரித்து, ஆமணக்கெண்ணெய் விளக்கிலிட்டு எரிப்பர். அதன்மேற் புதுமட்பானையைக் கவிழ்த்துப் படியும் கரியைச் சுரண்டியெடுத்து, நீரிலேனும் தாய்ப்பாலிலேனும் குழைத்துக்கொள்வர். பின் ஊசியாற் குத்திக் கரியைத் தோலுள் ஏற்றுவர். மஞ்சளும் அகத்தியும் எரிந்து போவதால் ஈற்றில் எஞ்சுவது பெரும்பாலும் கரியே. கரி கறுப்பாயிருக்க, தோலிற் பச்சையும் நீலமும் கலந்த நிறம் தோன்றுவதேன் எனிற் கூறுதும்: மேலுள்ள தோற் படலம் நீல ஒளியை மிகுதியாகச் சிதறித் திருப்புகின்றது, ஏனைய நிறக் கதிர்கள் ஆழச்சென்று கரியால் உறிஞ்சப்படுகின்றன. ஆகவே ‘பச்சை’ என்னும் பெயர் மையினால் வந்ததன்று, தோலினால் வந்தது.

கரி வேதியியல் முறையில் மிகவும் சோம்பலான பொருள். அதனாலேதான் தோட்டத்துப் பாட்டிமாரின் பச்சை அறுபது எழுபது ஆண்டுகள் ஒரு தொல்லையுமின்றிக் கிடந்தது. 1991 இல் ஆல்ப்சு மலைப் பனியில் ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஆடவன் ஒருவனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவன் தோலிலுள்ள 61 குறிகளும் கரியாலானவையே; இன்றும் அழியாதிருக்கின்றன. கரி ஒருபோதும் தீங்கு செய்யாது என்று கொள்ளற்க. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

குத்திய மை தோலில் எங்கே தங்குகின்றது? தோலுக்கு மேற்றோல், உட்டோல் என இரு பகுதிகள் உண்டு. மேற்றோலின் கலங்கள் நாடோறும் உதிர்ந்து புதியன வளர்வதால், அங்கு இட்ட நிறம் சில கிழமைகளில் மறைந்துவிடும். மருதோன்றி மறைவது இதனாலேயே. பச்சை குத்துவோரின் ஊசி ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் ஆழஞ் சென்று உட்டோலில் மையை இடுகின்றது. உடனே தின்குழியங்கள் என்னும் காவற் கலங்கள் அங்கு விரைகின்றன. கிருமிகளை விழுங்கிச் செரிப்பது அவற்றின் தொழில். மைத்துகளை அவை விழுங்குகின்றன. ஆனாற் செரிக்க இயலாமையால் வயிற்றில் வைத்துக்கொண்டே இருந்துவிடுகின்றன. நாம் வெளியே காணும் சித்திரம், உண்மையில் மை விழுங்கிய தின்குழியங்களின் அணிவகுப்பாகும்.

அக்குழியங்கள் மாண்டால் சித்திரம் அழியவேண்டுமல்லவா? 2018 இல் பிரான்சு நாட்டின் மார்செய் நகர ஆய்வாளர் இதனை எலிகளிற் சோதித்தனர். வாலிற் பச்சை மை குத்திய எலிகளின் தின்குழியங்களை அவர்கள் முற்றாக அழித்துப் பார்த்தனர். சித்திரம் சிறிதும் மாறவில்லை. மாண்ட குழியம் உகுத்த மையைப் பின் வந்த குழியம் விழுங்கிக்கொண்டது. பச்சை குத்திய தோலைப் பிறிதோர் எலிக்கு ஒட்டியபோதும், ஆறு கிழமையில் மையின் பெரும்பகுதி புதிய எலியின் குழியங்களுக்குள் இடம்பெயர்ந்திருந்தது. பச்சை என்பது ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயலன்று என்பது இதனாற் பெறப்படும். விழுங்கலும் உகுத்தலும் மீள விழுங்கலும் வாழ்நாள் முழுவதும் நடைபெறுகின்றன. உடலின் காவற் படைக்கு அம்மை என்றும் கண்முன்னே நிற்கும் அயற்பொருள். இதனை உளங்கொண்டார்க்குப் பின்வரும் செய்தி வியப்பளியாது.

உடலின் எதிர்ப்புகளுள் விரைந்து வருவன சில, தாழ்த்து வருவன சில. இறாலோ கணவாயோ உண்டு சிலநிமிடத்தில் உடல் தடிப்பது முதல் வகை. இரத்தத்திற் கரைந்துள்ள பிறபொருளெதிரிகள் அதனை நிகழ்த்துகின்றன. இரண்டாவது வகைக்குச் சயரோகத்தை அறிதற்குச் செய்யும் மாண்டூச் சோதனை நல்ல உதாரணம். முன்கையில் ஊசி ஏற்றிய அன்று ஒன்றுந் தெரியாது. நாற்பத்தெட்டு முதல் எழுபத்திரண்டு மணித்தியாலங் கழித்தே மருத்துவர் தடிப்பை அளப்பார். இவ்வகை எதிர்ப்பை உண்டாக்குவது யாது? 1942 இல் லாண்ட்சுடைனர், சேசு என்னும் இருவர் சீமைப் பெருச்சாளிகளிற் செய்த சோதனை இதனைத் தெளிவாக்கிற்று. ஒவ்வாமையுற்ற விலங்கின் கலங்களைப் பிறிதொன்றுக்கு ஏற்றியபோது ஒவ்வாமையும் உடன்சென்றது. இரத்தப் பாயம் செய்யாததைக் கலங்கள் செய்தன. நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியிற் பயின்று வெளிவரும் நிணநீர்க்குழியங்களே அவை என்பது பின்னர் அறியப்பட்டது.

இக்குழியங்கள் ஒரு பொருளைப் பகையென்று முதலில் கற்கவேண்டும். கற்றவை பெருகவேண்டும். பெருகியவை அப்பொருள் உள்ள இடத்தை நாடி வரவேண்டும். சாதாரணமான தொடுகை ஒவ்வாமையிற் கற்றலுக்கு ஒன்று அல்லது இரண்டு கிழமை போதும். பச்சை மையிலோ கற்கவேண்டிய பாடமே தொடக்கத்தில் இருப்பதில்லை. ஈதென்ன புதிர் எனிற் காண்க.

கோபன்கேகன் நகரத்துப் பிச்பெயர்க் வைத்தியசாலையில், பச்சை குத்தியதால் வரும் நோய்களுக்கெனவே ஒரு சிகிச்சை நிலையம் 2008 இல் தொடங்கப்பட்டது. அதனை நடத்திய பேராசிரியர் யோர்கன் சேரூப் என்பவரும் அவர்தம் உதவியாளரும் நோயுற்ற 90 பேருக்கு ஒட்டுச் சோதனை செய்து 2014 இல் முடிபை வெளியிட்டனர். ஐயத்துக்குரிய மையையே முதுகில் ஒட்டிப் பார்த்தும் பெரும்பாலோரிடத்து ஒவ்வாமை தோன்றவில்லை. அதே மை கையிலே தடித்துக் கொதிக்க, முதுகிலே வாளாவிருந்தது. இதனின்று அவர்கள் கொண்ட கருத்து யாதெனின், புட்டியிலுள்ள மை நேரே பகையாவதில்லை. தோலினுள் நெடுநாட் கிடந்து, மெல்லச் சிதைந்து, உடலின் புரதங்களோடு கூடிய பின்னர்த் தோன்றும் புதுப்பொருளே பகையாகின்றது. அப்பொருள் உண்டாதற்குச் சிலரிடத்துக் கிழமைகளும் சிலரிடத்து ஆண்டுகளும் செல்லும். நோய் காலந்தாழ்த்து வருவதன் மருமம் இதுவே. “முன்கூட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டோம், இனி அச்சமில்லை” என்று பச்சை குத்துவோர் கூறும் உறுதிமொழிக்கு எத்துணை மதிப்பளிக்கலாம் என்பதையும் அன்பர்கள் இதனால் உய்த்துணரலாம்.

நிறங்களுட் பொல்லாதது சிவப்பு. முற்காலத்துச் சிவப்பு மை சாதிலிங்கம், அஃதாவது இரசமும் கந்தகமும் கூடிய பொருள். இரசத்தின் கேட்டை அறிந்து அதனைக் கைவிட்ட பின்னும் சிவப்பின் பொல்லாங்கு ஒழியவில்லை. இன்று அதன் இடத்தில் இருப்பவை ‘அசோ’ எனப்படும் சேதன நிறமிகள். சுவர்ப்பூச்சுக்கும் மோட்டார் வண்டிப் பூச்சுக்கும் அச்சு மைக்கும் ஆக்கப்பட்டவை பல. மனிதத் தோலுக்கென ஆக்கப்பட்டவையல்ல. நோயுற்ற தோலின் 104 துணுக்குகளை ஆராய்ந்து 2020 இல் வெளிவந்த முடிபில், சிவப்பு 22, 170, 210 என எண்ணிடப்பட்ட நிறமிகள் முதன்மை பெற்றன. மை வாங்குவோர்க்கு இவ்வெண்களாற் பயன் சிறிதே. புட்டியின் முகச்சீட்டிற் கூறியது வேறு, உள்ளிருப்பது வேறு என்பது பல நாடுகளிற் செய்த சோதனைகளிற் கண்ட உண்மை.

நமக்கு அண்மையிலும் இதற்குச் சான்றுண்டு. கருநாடக மாநிலத்து மண்டியா நகர மருத்துவர்கள், நாட்டுப்புறத்து இளைஞரிடையே இந்நோய் பெருகி வருவதை 2017 இல் இந்தியத் தோல் மருத்துவ இதழொன்றில் எடுத்துரைத்தனர். அங்கும் சிவப்பே முன்னின்றது. நகரத்துச் செல்வரின் விளையாட்டு இது என்று நினைப்பார் அச்செய்தியைக் கருதுக. நியூயோர்க் மாநகரத்துப் பூங்காவொன்றில் ஏறத்தாழ 300 பேரை வினவி 2015 இல் வெளியிட்ட கணக்கின்படி, பச்சை குத்தியோருள் நூற்றுக்குப் பத்துப்பேர் ஏதேனுமொரு தொல்லை உற்றனர். நூற்றுக்கு ஆறுபேருக்கு அது நான்கு மாதத்துக்கு மேலும் நீடித்தது. அருகிய நோய் என்று தள்ளிவிடக்கூடிய அளவன்று.

இந்நோயின் அடையாளம் எளிது. பன்னிறச் சித்திரத்தில் ஒரு நிறம் பட்ட பகுதி மாத்திரம், வரைந்த கோடு தவறாமல், தடித்து மேலெழும். அரிப்பு மிகும். சிலரிடத்து மேற்றோல் காய்த்துச் செதில் படியும், சிலரிடத்துப் புண்ணாகும். முருகன் படத்திற் செந்நிற மேனி வீங்க, நீல மயில் வாளாவிருக்குமாயின், ஐயமின்றி இஃது ஒவ்வாமை என்று கருதலாம். மஞ்சள் நிறத்துக்குக் கட்மியம் சல்பைட்டைப் பயன்படுத்திய காலத்தில் வெயில் பட்டவுடன் அவ்விடம் வீங்கியதை 1963 இல் எழுதிவைத்துள்ளனர். பச்சை நிறத்திற் குரோமியம் இருந்தமையால் சீமந்து வேலை செய்வோர்க்கு வரும் ஒவ்வாமையே பச்சை குத்தியோர்க்கும் வந்தது. ஏனைய நிறங்களைப் பற்றி இவ்வளவு போதும்.

கரி ஒருபோதும் தீங்கு செய்யாது என்று கொள்ளற்க என முன்னர்க் கூறினோம். கறுப்பு மையிற் சிலரிடத்துச் சிறு சிறு கழலைகள் எழுவதுண்டு. தின்குழியங்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கட்டியாகும் நிலை அது. அரிப்பு மிகுதியாயிராது. பச்சையிலே தோன்றும் இக்கழலை சிலவேளை ‘சார்கொயிடு’ என்னும் உடல் முழுவதையும் பற்றும் நோயின் முதற்குறியாகலாம். அந்நோய் சுவாசப்பையையும் கண்ணையும் தாக்கும். பச்சையிற் கழலையும் கண்ணின் உள்ளே அழற்சியும் ஒருங்கு நிகழ்ந்த மூவரைப் பற்றிச் சுவீடன் மருத்துவர்கள் 1969 இல் எழுதினர். ஆதலால் கறுப்புப் பச்சை கட்டிகட்டியாகத் தடிக்கும் ஒருவர்க்குக் கண் சிவந்து பார்வை மங்குமாயின், இரண்டும் வெவ்வேறு நோய் என்று விட்டுவிடாது இரண்டையும் ஒரே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். நம் நாட்டில் இத்தகைய கழலை கண்டவிடத்துச் சயரோகமன்று என்று உறுதி செய்துகொள்வதும் மருத்துவரின் கடமை.

இனி, இந்நோய் போலத் தோன்றி இந்நோயல்லாதன சில. கிருமியால் வரும் புண் பெரும்பாலும் குத்திய சில நாளிலோ கிழமையிலோ தோன்றும். நிறம் பார்த்து வராது. சீழும் காய்ச்சலும் உண்டாகலாம். ஆயினும் நீரில் வாழும் சிலவகை நுண்ணங்கிகள் தாழ்த்து வெளிப்படும். 2011 ஆம் 2012 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ரொச்செசுட்டர் நகரில், சாம்பல் நிற மை குத்தப்பெற்ற 19 பேருக்கு இவ்வாறு நேர்ந்தது. நம்மவர் தோலில் மிகுதியாகக் காணும் தழும்புத் தடிப்பும் ஒன்று. அது நிறத்தை மதியாது, கோட்டைக் கடந்தும் வளரும்.

இவற்றினும் முக்கியமானது தொழுநோய். இந்தியாவின் பிலாய் நகரத்துத் தோல் மருத்துவர் கோர்ப்படே, பச்சை குத்திய இடத்திலேயே தொழுநோய் தோன்றிய 31 பேரைப் பற்றி 2002 இல் எழுதினார். ஒருவர்க்குக் குத்திய ஊசியைத் தூய்மை செய்யாது பலர்க்கும் குத்திய வழக்கம் அதற்கு ஏதுவாயிற்று. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் சென்றன. இலங்கையில் தொழுநோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை யாதலின் இதனை மறத்தலாகாது. வேறுபாடு அறிதற்கு ஒரு வழியுண்டு: ஒவ்வாமைத் தடிப்பு அரிக்கும், தொழுநோய்த் தேமல் உணர்ச்சியற்றிருக்கும். பஞ்சினாற் றொட்டாற் றெரியாத தேமல் எதுவாயினும், பச்சை இருப்பினும் இல்லாவிடினும், காலந்தாழ்த்தாது காட்டவேண்டியது. மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

பச்சை குத்தாதவர்க்கும் இவ்வொவ்வாமையின் கிளையொன்று வரும். திருமணங்களிலும் விழாக்களிலும் ‘கறுப்பு மருதோன்றி’ என்று ஒரு பொருளைக் கையில் இடுகின்றனர். மருதோன்றி இலை கறுப்பு நிறந் தராது. செம்மஞ்சளும் செம்பழுப்புமே தரும். விரைவிற் கருமை தரற்பொருட்டுத் தலைமயிர்ச் சாயத்திலுள்ள பராபினைலீன் டயமீன் என்னும் பொருளை அதிற் கலக்கின்றனர். அது கொடிய ஒவ்வாமையூட்டி. முதன்முறை இட்டவர்க்கு ஒன்று அல்லது இரண்டு கிழமையில், சித்திரம் மங்கிய பின்னர், அதே கோலத்திற் கொப்புளம் எழும். ஒருமுறை கற்ற குழியங்கள் மறப்பதில்லை. மணமகளாய்க் கையில் இட்டுக்கொண்டவர், நரை தோன்றிய காலத்தில் மயிர்ச்சாயம் பூசி முகமெல்லாம் வீங்கி வைத்தியசாலைக்கு ஓடுவதுண்டு. முப்பது ஆண்டு முந்திய மருதோன்றியை அப்பொழுது எவர் நினைப்பார்? ஐரோப்பிய நாடுகளில் இப்பொருளை மயிர்ச்சாயத்தில் அளவோடு சேர்க்க இசைவுண்டு. தோலில் நேரே இடுதற்கு இல்லை. இலையைப் பறித்து அம்மியில் அரைத்துக் கொட்டைப்பாக்களவு உருட்டி இட்ட நம் பாட்டிமாரின் மருதோன்றியில் இக்கேடில்லை. அது சிவந்தே இருந்தது, அழகாகவும் இருந்தது.

நோயுற்ற பின் மக்கள் செய்யும் காரியங்களை நோக்கின் மனம் வருந்தும். சுண்ணாம்பும் சவர்க்காரமும் அரைத்துப் பூசுவோர் உளர். அமிலமிட்டுச் சுட்டுக்கொள்வோரும் உளர். இவை மையை எடுக்காமல் தோலை எடுத்துவிடும். படித்தவரிடையே வேறொரு பிழை உண்டு: லேசர் ஒளியால் அழித்துவிடுவோம் என்று விரைதல். ஒவ்வாமையற்ற கறுப்புப் பச்சையை அழித்தற்கு லேசர் ஏற்றதே. ஒவ்வாமை எழுந்த சிவப்பிலோ, அவ்வொளி மைத்துகளை நொறுக்கி உடலெங்கும் பரப்புகின்றது. அதன்பின் மேனி முழுதும் தடித்தெழுந்த நோயாளரைப் பற்றி 1995 இலேயே மருத்துவர்கள் எச்சரித்தனர். பகைவன் ஓரறையில் இருக்கையிற் கதவை உடைத்து வீடெங்கும் விடுவது போன்றது இது.

முறையான சிகிச்சை பொறுமையை வேண்டுவது. கண்டித் தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவிற் காட்டலாம், பணம் வேண்டுவதில்லை. ஐயமிருப்பின் தோலிற் சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். வீரியமுள்ள ஸ்டீரொயிட்டுக் களிம்போ, தடிப்பினுள்ளேயே ஏற்றும் ஊசிமருந்தோ முதலிற் கொடுக்கப்படும். மை உள்ளே இருக்கும்வரை நோய் மீளுதல் இயல்பாதலின், அடங்காதவிடத்து நிறம் பட்ட தோற்படலத்தை மெல்லச் சீவியெடுக்கும் சத்திர சிகிச்சையைக் கோபன்கேகன் மருத்துவர்கள் கையாண்டு நற்பயன் கண்டுள்ளனர். கடையிற் கேட்டு வாங்கும் களிம்பை மாதக்கணக்கிற் பூசித் தோலை மெலிவிக்கும் வழக்கம் நம்மூரில் மலிந்துள்ளது, அது தவிர்க்கத்தக்கது.

மையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இப்பொழுதே பிறந்து வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரி முதல் பச்சை மையில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களைத் தடைசெய்தோ அளவிட்டோ கட்டளை பிறப்பித்தது. நீலம் 15:3, பச்சை 7 என்னும் இரு நிறமிகளை 2023 சனவரி முதல் விலக்கியது. அங்கு விலைபோகாத புட்டிகள் எந்நாட்டுக் கடைகளைத் தேடிச் செல்லும் என்பதை வணிகம் பயின்ற நம் பழைய மாணவர் எம்மினும் நன்கு அறிவர்.

இன்னொரு செய்தி, மருத்துவரிடம் செல்வோர்க்குப் பயன்படுவது. உட்டோலில் இட்ட மை முழுவதும் அங்கேயே தங்குவதில்லை. ஒரு பகுதி நிணநீரோடு சென்று அக்குளிலும் கவட்டிலும் உள்ள நிணநீர்க் கணுக்களிற் படிகின்றது. கிரெனோபிள் நகரத்து வலிய ஊடுகதிர்க் கருவியால் 2017 இல் செருமானிய ஆய்வாளர் இதனைத் துகள் துகளாகக் கண்டனர். வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் அங்கிருந்தது. இத்தகைய கணுக்கள் மார்பக ஊடுகதிர்ப் படத்திற் சுண்ணப் படிவு போலத் தோன்றும். சத்திர சிகிச்சையிற் கறுத்துக் காணப்பட்டுப் புற்றுநோய் பரவிவிட்டதோ என்ற மயக்கத்தை விளைத்ததும் உண்டு. தோளிலோ மார்பிலோ பச்சை குத்தியவர்கள், அது எத்தனை ஆண்டு பழையதாயினும், சட்டைக்குள் மறைந்திருப்பதாயினும், அத்தகைய சோதனைக்குச் செல்லும்பொழுது மருத்துவர் கேளாமலே அதனைச் சொல்லிவிடுதல் வேண்டும்.